'நீ' யாருக்கு, 'நீங்க' யாருக்கு?

தமிழ் படிக்க வரும் ஒருவருக்கு முதல் வாரத்தில் சொல்லித்தர வேண்டிய வாக்கிய இலக்கணம் அப்படியொன்றும் அதிகமில்லை. யார் என்பது முதலில், எதை என்பது நடுவில், செய்த வேலை கடைசியில். 'நான் சோறு சாப்பிட்டேன்.' எழுவாய், செயப்படுபொருள், பயனிலை. இந்தியோ போஜ்பூரியோ ஒடியாவோ பேசுகிறவர்களுக்கு இந்த வரிசை புதிதில்லை. அவர்கள் மொழியிலும் வினை கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபுகள் பெயரின் பின்னால் ஒட்டிக்கொள்ளும்: தாம்பரத்தில், தாம்பரத்துக்கு, தாம்பரத்திலிருந்து. வினையின் முடிவில் விகுதி வரும்: வந்தேன், வந்தோம், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. விகுதி இருப்பதால் எழுவாயைச் சொல்லாமலே விட்டுவிடலாம். 'வந்தேன்' என்றாலே வந்தது யார் என்று தெரிந்துவிடும்.

சிக்கல் தொடங்குவதும் அந்த விகுதியில்தான். தமிழில் ஒரு மனிதரைப் பற்றி ஒரு வாக்கியம் பேச வேண்டுமென்றால், அவர் வந்தானா, வந்தாரா என்பதை முடிவு செய்யாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது. முன்னால் நிற்பவரிடம் பேசுவதாக இருந்தால் 'வா'வா, 'வாங்க'வா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். 'டாக்டர் வந்தாரா? வாட்ச்மேன் வந்தானா?' இரண்டு கேள்விகளின் கட்டுமானமும் ஒன்றுதான். வேறுபடுவது ஒரே ஒரு விகுதி. அந்த விகுதியை நாம் யோசித்துப் போடுவதில்லை, அது தானாக வந்து விழுகிறது. நம் நாக்குக்கு அதைப் பழக்கியது எது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

'இது மொழியின் இலக்கணம், இதில் சாதியை ஏன் நுழைக்கிறீர்கள்?' என்று கேட்பவர்களுக்குத் தொல்காப்பியமே பதில் வைத்திருக்கிறது. சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில், ஒருவரைப் பன்மையில் சொல்வது பற்றி ஒரு நூற்பா உண்டு. அதன் சாரம்: ஒருவரைப் பன்மையால் குறிப்பது வழக்கில் வந்த உயர்த்திச் சொல்லும் முறை, இலக்கண நெறிப்படி அமைந்தது ஆகாது. அதாவது மரியாதைப் பன்மை இலக்கணத்தில் இல்லை என்பதைத் தமிழின் மிகப் பழைய இலக்கண நூலே பதிவு செய்துவிட்டது. இலக்கணப்படி ஒருவர் என்றால் ஒருமை, பலர் என்றால் பன்மை, அவ்வளவுதான். புறநானூற்றுப் புலவர்கள் அரசனைப் பார்த்து 'நீ' என்றே பாடினார்கள். பக்திப் பாடல்களில் கடவுளும் 'நீ'தான். பலரைக் குறித்த 'அவர்' பிறகு ஒருவருக்கான மரியாதைச் சொல் ஆனது. அதுவும் போதாமல் அதன் மேல் இன்னொரு பன்மையை ஏற்றி, 'மாண்புமிகு அமைச்சர் அவர்கள்' என்கிறோம். ஒரே ஓர் அமைச்சருக்கு இரண்டு பன்மை!

சரி, இலக்கணத்தில் இல்லை, வழக்கில் இருக்கிறது. வழக்கு யாருடையது? அதற்கும் தொல்காப்பியத்தில் பதில் உண்டு. வழக்கு என்று சொல்லப்படுவது உயர்ந்தோர் வழக்கே என்கிறது மரபியல். இரண்டு நூற்பாக்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். யாரைப் பன்மையில் உயர்த்துவது என்பதை இலக்கணம் தீர்மானிக்கவில்லை, வழக்கு தீர்மானிக்கிறது. வழக்கைத் தீர்மானிப்பவர்கள் உயர்ந்தோர். அந்த உயர்ந்தோர் யார் என்பதைத் தீர்மானித்தவர்கள் நிச்சயமாக ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள் இல்லை.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் செய்தியும் இல்லை. மொழியியலாளர் ஸ்டீபன் லெவின்சன் 1970-களில் கோவை மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் தங்கி, எந்தச் சாதியார் எந்தச் சாதியாரை எப்படி அழைக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். 1977-ல் முனைவர் பட்ட ஆய்வேடாக வந்த உழைப்பு அது. யார் யாருக்கு 'நீ' போடுகிறார், பதிலுக்கு என்ன வாங்குகிறார் என்று அட்டவணை போட்டால் அந்த ஊரின் சாதிப் படிநிலையே அதில் தெரிந்துவிடுகிறது. யாரிடமும் 'உங்கள் ஊரில் எது உயர்ந்த சாதி' என்று கேட்கத் தேவையில்லை. வினைமுற்றைக் கேட்டால் போதும்.

கிராமத்தில் அப்படி, நகரத்தில் யார் சாதி பார்க்கிறார்கள் என்று கேட்கும் நண்பர்களைத் தாம்பரத்துக்கு அழைக்கிறேன். ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும், பெருங்களத்தூர், முடிச்சூர், சேலையூர், மேடவாக்கம் என்று எந்தப் பக்கம் போனாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். அவற்றின் வாசலில் பத்து நிமிடம் நின்று காதைக் கொடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை யாரும் இப்போது பெயர் சொல்லி அதட்டுவதில்லை. 'அக்கா' என்கிறார்கள். 'அக்கா, நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வா.' சொல் உறவு கொண்டாடுகிறது, வினைமுற்று வேலை வாங்குகிறது. 'என் சொந்த அக்காவையும் வா, போ என்றுதானே கூப்பிடுகிறேன்' என்பார்கள். உண்மைதான். ஆனால் சொந்த அக்கா உங்களைத் திருப்பி 'வா' என்பார். இந்த அக்கா 'சரிங்கம்மா' என்கிறார். அவருடைய வயது ஐம்பது, அந்த அம்மாவுக்கு முப்பது.

ஒருமை எப்போது உரிமை, எப்போது அவமதிப்பு என்பதற்கு இதைவிட எளிய சோதனை இல்லை: அது திரும்பி வருகிறதா? ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1960-ல் ஐரோப்பிய மொழிகளை வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் அடிப்படையும் இதுதான். இருவரும் ஒருவருக்கொருவர் 'நீ' என்றால் அது நெருக்கம். ஒருவர் 'நீ' என்று கொடுத்து 'நீங்க' என்று வாங்கிக்கொண்டால் அது அதிகாரம்.

இந்தச் சோதனையை வைத்துத்தான் மெட்ராஸ் பாஷையையும் பார்க்க வேண்டும். செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளில் இருந்து வரும் பிள்ளைகள் 'இன்னாபா, வாபா' என்று பேசினால், 'மரியாதை தெரியாத பாஷை' என்று முகம் சுளிக்கிறவர்கள் நிறைய பேர். ஆட்டோ ஓட்டும் அண்ணன் என்னை 'நீ இன்னா படிக்கிற?' என்று கேட்டால், நானும் அவரை 'நீ எவ்ளோ நாளா ஓட்டுற?' என்று கேட்கலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அங்கே 'நீ' இரண்டு பக்கமும் போய் வருகிறது. மரியாதை கெட்ட தமிழ் என்று பெயர் வாங்கியது அது. 'அக்கா, சீக்கிரம் வா' என்பதோ நாகரிகமான தமிழ் என்று உலவுகிறது.

வேலையிடத்துக்குப் போவோம். ஒரு கட்டுமான இடத்தின் பதவிப் பெயர்களையே பாருங்கள். கொத்தனார். பெரியாள். சித்தாள். கரண்டி பிடிப்பவருக்கு 'ஆர்' விகுதி உண்டு. கல்லும் கலவையும் சுமப்பவர் வெறும் ஆள். அதிலும் சிறிய ஆள். சித்தாள் வேலைக்கு வருபவர்களில் எத்தனை பேர் பெண்கள், அவர்களில் எத்தனை பேர் எந்தச் சாதிகளிலிருந்து வருகிறார்கள் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த இடத்தில்தான் இப்போது பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தோழர்கள் நிற்கிறார்கள். பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க நாம் 2006-ல் சட்டம் இயற்றினோம். வேலைக்கு வரும் பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லித்தரும் பள்ளிக்கூடமோ பெரும்பாலும் வேலையிடம்தான், ஆசிரியர் மேஸ்திரிதான். மொழியியல் ஆய்வு மாணவனான நானும் சில நண்பர்களும் பெருங்களத்தூரில் ஒரு மாடியறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்குப் பேச்சுத்தமிழ் வகுப்பு எடுக்கிறோம். ஒரு வகுப்பில், ஏற்கெனவே தெரிந்த தமிழ்ச் சொற்களைச் சொல்லச் சொன்னோம். பலகை நிறைந்தது. வா. போ. எடு. தூக்கு. நில்லு. சீக்கிரம். டேய். கடைசியில் ஒருவர் சிரித்துக்கொண்டே 'சாப்ட்டியா' என்றார். அன்பாகக் கேட்கப்பட்ட அந்த ஒரு கேள்வியும் ஒருமையில்தான் இருந்தது. 'வாங்க' என்ற சொல் அந்தப் பலகையில் இல்லை. அவர்களிடம் யாரும் அதைச் சொன்னதில்லை.

ஒரு மொழியைக் காதால் கற்பவர், தன்னிடம் பேசப்பட்ட வடிவத்தைத்தான் திருப்பிப் பேச முடியும். எங்களிடம் படிக்கும் ஒரு தம்பி ஓர் உணவகத்தில் மேசை துடைக்கிறார். சாப்பிட வந்த ஒருவரிடம் பணிவாகச் சிரித்து, 'நீ இங்க உக்காரு' என்றிருக்கிறார். வந்தவர் கொதித்துப்போய் கல்லாவில் இருந்தவரைக் கூப்பிட்டுச் சண்டை போட, அன்றைக்கு அந்தத் தம்பிக்கு ஏகப்பட்ட திட்டு. 'வடக்கனுக்கு மரியாதை தெரியல' என்றார்களாம். அவருக்குத் தமிழில் தெரிந்த ஒரே வடிவத்தை அவருக்குக் கற்றுத்தந்தது அந்த உணவகம்தான்.

இதில் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அதன் பிறகு வகுப்பில் நடந்த பேச்சு. இந்தியில் 'தூ', 'தும்', 'ஆப்' என்று மூன்று படி உண்டு. போஜ்பூரியும் மைதிலியும் இந்த விஷயத்தில் நமக்குச் சளைத்தவை அல்ல. ஆகவே 'நீ – நீங்க' வேறுபாட்டைச் சொன்னவுடன் எல்லோருக்கும் பட்டென்று புரிந்துவிட்டது. தங்களை இத்தனை நாளாக எந்தப் படியில் வைத்துப் பேசியிருக்கிறார்கள் என்பதும் அதே நொடியில் புரிந்தது. ஒருவர் முகம் சிவந்துவிட்டது. ஊரில் அவருடைய குடும்பம் நிலம் வைத்திருக்கும் சாதி. இன்னொருவர் தோளைக் குலுக்கினார். 'எங்க ஊர்லயும் எங்கள இப்டித்தான் கூப்புடுவாங்க சார்' என்றார், இந்தியும் தமிழும் கலந்து. முதல்வருக்கு அந்த அவமானம் தாம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கிய பிறகு வந்தது. இரண்டாமவர் அதைப் பிறந்த ஊரிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார். மொழி மாறியும் அவருடைய படி மாறவில்லை.

தோழர்களே, 'வடக்கன்' என்ற சொல்லைச் சமூகநீதி பேசும் நம் ஆட்களின் பதிவுகளிலேயே எத்தனை முறை பார்த்திருப்போம்! இந்தித் திணிப்பை எதிர்ப்பது நம் உரிமை, அதை ஒன்றிய அரசிடம் காட்டுவோம். சாந்துச் சட்டி தூக்குபவர் இந்தியைத் திணிக்க வரவில்லை. அந்தச் சொல்லின் கடைசியில் இருக்கும் 'அன்' விகுதி நமக்குப் புதியதும் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பெயர்கள் எல்லாம் 'ன்' என்றும் ஆதிக்கச் சாதிகளின் பெயர்கள் 'ர்' என்றும் ஆவணங்களில் ஏறிய கதை நாம் அறிந்ததுதான். பரங்கிமலையில் 1883-ல் பிறந்து ஆசிரியராகப் பணியாற்றிய எம்.சி. ராஜா, 1922-ல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, அரசு ஆவணங்களில் இழிவாக வழங்கப்பட்ட பெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்கச் செய்தார். 'ர்' என்று முடியும் பெயர். நூறு ஆண்டு கழித்து, 2025-ல், 'ன்' என்று முடியும் சாதிப் பெயர்களை 'ர்' என்று மாற்ற வேண்டும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஒரு விகுதிக்கு ஒரு நூற்றாண்டுப் போராட்டம். விகுதி சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள்.

இங்கே ஒரு நேர்மையான எதிர்க்கேள்வி எழும். மரியாதைப் பன்மையே நிலவுடைமைக் காலத்து எச்சம் என்றால், அதை ஒழித்துவிட்டு எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்று அழைக்கலாமே? அப்படிச் செய்து பார்த்தவர்கள் உண்டு. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் பணக்காரரையும் நீதிபதியையும் ஒருமையில் அழைத்தார்கள், அதற்காக அடியும் வாங்கினார்கள். ஸ்வீடனில் 1967-ல் ப்ரோர் ரெக்செத் என்பவர் மருத்துவத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது, ஊழியர் எல்லோரையும் 'டூ' என்று ஒருமையில் அழைப்பேன், என்னையும் அப்படியே அழையுங்கள் என்று அறிவித்தார். ஏற்கெனவே தொடங்கியிருந்த மாற்றம் அதன் பிறகு நாடு முழுவதும் பரவியது.

அங்கே இறங்கி வந்தவர் மேலே இருந்தவர். நம் ஊரில் அப்படி ஒரு தலைமைப் பொறியாளர் தூய்மைப் பணியாளரிடம் 'என்னை நீ என்று கூப்பிடு' என்று சொல்லட்டும், பிறகு பேசலாம். அதுவரை 'எல்லோருக்கும் நீ' என்பது, ஏற்கெனவே 'நீ' வாங்குகிறவர்களுக்கு எதையும் தராது. பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட 'வாங்க' என்று அழைக்கப்படாத ஒரு மனிதரிடம் போய், மரியாதைச் சொல்லே பிற்போக்கு என்று வகுப்பெடுக்க எனக்கு மனம் வரவில்லை. சிறு பிள்ளைகளையும் 'வாங்க, போங்க' என்று அழைத்தவர் என்றே பெரியாரைப் பற்றிச் சொல்வார்கள். அவர் காட்டிய திசை மேல்நோக்கியது.

மேல்நோக்கிச் சமன் செய்வது நடக்காத காரியமும் இல்லை. 'ஆங்கிலத்தில் மரியாதைப் பன்மை கிடையாது, அதனால் அங்கே சமத்துவம்' என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் ஆங்கிலத்தின் 'யூ' பன்மைச் சொல். ஒருமைக்கு 'தவ்' என்று ஒரு சொல் இருந்தது, அது வழக்கொழிந்து போயிற்று. ஆக அவர்கள் எல்லோருக்கும் 'நீங்க' போட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் கிடைத்துவிட்ட பிறகு அந்தச் சொல்லில் ஏற்றத்தாழ்வு தங்க இடமில்லாமல் போனது. அந்தச் சமூகத்தில் ஏற்றத்தாழ்வு ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அதைக் காட்ட வினைமுற்றைப் பயன்படுத்தும் வசதி ஒழிந்தது.

பக்கத்து மாநிலத்தில் அரசே இதைக் கையில் எடுத்திருக்கிறது. 2021 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், காவல்துறையினர் பொதுமக்களை 'எடா', 'எடீ', 'நீ' என்று அழைக்கக் கூடாது என்றது. மாநிலக் காவல்துறைத் தலைவர் அதற்குச் சுற்றறிக்கை அனுப்பினார். அதே ஆண்டு பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் ஊராட்சி, தன் அலுவலகத்துக்கு வரும் மக்கள் 'சார்', 'மேடம்' என்று அழைக்கத் தேவையில்லை என்று தீர்மானம் போட்டது. ஒன்று மேலிருந்து கீழே வீசப்படும் சொல்லைத் தடுத்தது. மற்றது கீழிருந்து மேலே காணிக்கையாகப் போகும் சொல்லை விடுவித்தது.

தாம்பரம் மாநகராட்சியால் இதைச் செய்ய முடியாதா? ஐந்து நகராட்சிகளையும் சில பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் உருவான மாநகராட்சி இது. 2022-ல் நடந்த அதன் முதல் தேர்தலில் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மன்றத்தில் 'மேயர் அவர்களே' என்று இரட்டைப் பன்மையில் பேசுகிறார்கள், நியாயம்தான். விடியற்காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தள்ளுவண்டியோடு தெருவுக்கு வரும் பெண்களிடம் நம் தெருக்காரர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அரசு அவர்களுடைய பதவிப் பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியிருக்கிறது. அந்தப் பெயரின் கடைசியில் 'அர்' உண்டு. 'ஏம்மா, இங்க ஒரு கவர் கெடக்கு பாரு' என்று மாடியிலிருந்து வரும் குரலில் அது இல்லை. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 'பாரு' என்று சொன்னதற்கு எந்தக் காவல் நிலையத்தில் புகார் எழுதுவது?

சட்டத்தால் முடியாத இடத்தில் பாடத்தால் கொஞ்சம் முடியும். எங்கள் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன், வேண்டுமானால் நீங்களும் உங்கள் பகுதியில் தொடங்கலாம். முதல் பாடத்தில் ஏவல் வினை சொல்லித்தரும்போது 'வாங்க, போங்க, உக்காருங்க, சொல்லுங்க' என்ற வடிவத்தை மட்டும் தருகிறோம். 'வா, போ' பத்தாவது வகுப்புக்குப் பிறகு, நண்பர்களோடு பேசும் பாடத்தில் வரும். படர்க்கைக்கு 'அவர் வந்தார்', பேச்சில் 'அவரு வந்தாரு', பெண்ணுக்கு 'அவங்க வந்தாங்க'. கொத்தனாருக்கும் அதே, சித்தாளுக்கும் அதே. இலக்கணப்படி இதில் ஒரு சௌகரியமும் உண்டு: கற்பவர் மனப்பாடம் செய்ய வேண்டிய விகுதிகள் பாதியாகக் குறைகின்றன. எங்கே போய் யாரிடம் பேசினாலும் அடி வாங்காத தமிழ் அவருக்குக் கிடைக்கிறது.

ஆனால் பாடம் படிக்க வேண்டியவர்கள் அவர்கள் மட்டும் இல்லை. அவர்களுக்கு நாங்கள் 'வாங்க' கற்றுத்தருகிறோம். திங்கட்கிழமை காலையில் மேஸ்திரி மறுபடியும் 'வாடா' என்கிறார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நாம்தான் இந்த இலக்கணத்தை மறுபடி படிக்க வேண்டும், அதற்குப் பலகையோ புத்தகமோ தேவையில்லை. இன்றைக்கு நீங்கள் யார் யாரிடம் 'நீ' என்று சொன்னீர்கள், அவர்களில் யார் உங்களைத் திருப்பி 'நீ' என்று சொல்லலாம் என்று எண்ணிப் பாருங்கள். சொல்ல முடியாதவர்களின் பட்டியலை எழுதி வையுங்கள். நாளைக் காலை வாசலில் குப்பை வண்டியின் சத்தம் கேட்கும்போது, அந்தப் பட்டியலில் உள்ள முதல் ஆளிடமிருந்து தொடங்கலாம்.